மூன்று சுற்று மிச்சம்

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் ‘சாம்பல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தலை, புருவம், சட்டைக் காலர் என்று எந்நேரமும் சாம்பல் பூத்துக் கிடப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பிரார்த்தனைக் கூடத்தில் தூபம் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. இருபத்தாறு வருஷமாகப் புகையைத் தின்று, கல்யாணமும் செய்துகொள்ளாமல் ஓட்டிவிட்டான்.

அந்தக் கூடத்து வாசலில்தான் என் கடை. தினமும் வந்து கும்பிட்டுப் போகிறவர்களுக்கு ஊதுபத்தி. இறந்தவர்களை நினைத்துப் புகை போடுகிறவர்களுக்குக் கட்டிச் சாம்பிராணி, கூடவே தணலுக்குக் கரி. கொஞ்சம் வசதியானவர்கள் அகில் கட்டைச் சீவல் கேட்பார்கள்; மோந்து பார்த்து, விலையைக் கேட்டு, பாதிப் பேர் ஊதுபத்திக்கே இறங்கி வந்துவிடுவார்கள். உயிர் போகிற வேண்டுதல் என்றால் மட்டும் சுருள்.

சுருள் என்றால் கொசுவத்தி அளவு இல்லை, விரித்த குடை அளவு. உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டு அடி நுனியில் பற்றவைத்தால், நாளுக்கு ஒரு சுற்று எரிந்துகொண்டே மேலே ஏறும். உச்சியில் வேண்டுதல் சீட்டை நூலால் கட்டியிருப்பார்கள். கடைசிச் சுற்றும் முடிந்து நூல் கருகினால், சீட்டு கீழே சாம்பல் தட்டில் விழும். வேண்டுதல் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

அடுத்தவர் சுருளில் யாரும் கை வைக்கக் கூடாது. அணைந்துபோனால்கூட உரியவர் வந்துதான் மறுபடி பற்றவைக்க வேண்டும். இதில் என் தம்பி படு கறார். மழை ஈரத்தில் என் சுருள் ஒருமுறை அணைந்தபோது, காய்ச்சலில் சுருண்டு கிடந்த என்னையே எழுப்பி இழுத்து வந்தான், பாவி. கூடப் பிறந்தவளாயிற்றே என்று ஒரு இரக்கம் கிடையாது.

அப்படிப்பட்டவன் என்ன செய்தான் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக்காரம்மா இருக்கிறாள். புருஷன் இல்லை. ஒரே மகன், மூட்டை தூக்குகிறவன். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் கால் சிக்கி நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் நினைவில்லாமல் கிடக்க, இவள் ஓடி வந்து என்னிடம் பன்னிரண்டு சுற்றுச் சுருள் வாங்கிக் கட்டினாள். மகனைக் காலோடு திருப்பிக் கொடு என்று சீட்டில் எழுதியிருந்தாள்.

ஒன்பது சுற்று எரிந்திருந்தது. பத்தாம் நாள் காலை, முகம் வீங்கிப்போய் வந்தாள்.

“டாக்டரு இன்னைக்கு ஆறு மணிக்குள்ள கையெழுத்து கேக்குறாரு. முட்டிக்குக் கீழ எடுத்துடணுமாம். விட்டா விஷம் மேல ஏறி உயிருக்கே ஆபத்தாம்.”

“போட்டாச்சாம்மா?” என்றான் தம்பி.

“எப்படிப் போடுவேன்? இன்னும் மூணு சுத்து இருக்கே. பாதியில போய்க் கையெழுத்துப் போட்டா, நான் சாமிய நம்பலன்னு ஆயிடாதா? இது எரிஞ்சு முடியட்டும், போடுறேன்.”

“அதுக்கு மூணு நாள் ஆகும்மா!” என்று கத்தினேன். அவள் காதில் ஏறவில்லை.

“சாமி கோவிச்சுக்காதும்மா. போய்ப் போட்டுடுங்க,” என்றான் தம்பி.

“உனக்குப் புள்ள இருக்கா?” என்று கேட்டாள். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மதியம் கூடத்தைச் சாத்துகிற நேரம். தம்பி என் கடைக்கு வந்தான். “அக்கா, கொஞ்சம் வாசல்ல நில்லு. யாரையும் உள்ள விடாத.”

அவன் மூஞ்சியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. “டேய், உனக்குப் பைத்தியமா? வெளிய தெரிஞ்சா உன்ன வேலைய விட்டுத் தொரத்திடுவாங்கடா. அவ சும்மா விடுவாளா?”

“அந்தப் புள்ள செத்துடுவான் அக்கா.”

வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஏணி கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தால், ஏறியவன் சுருளைத் தொடாமல் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். “சீக்கிரம்டா!” என்றேன். உச்சியில் நாலு விரல் நீளம் விட்டுவிட்டு மிச்சத்தைப் படக்கென்று ஒடித்தான். ஒடித்த நுனியில் நெருப்பு வைத்தான். கீழே இறங்கி, ஒடித்த துண்டை அணைத்து ஒளித்துவிட்டு, பக்கத்துத் தட்டுகளிலிருந்து சாம்பலை அள்ளி அவள் தட்டில் போட்டான். அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. இரண்டு பேரும் முட்டிபோட்டுத் துடைத்தோம்.

நாலு மணிக்குச் சொன்னபடி வந்துவிட்டாள். இன்னும் ஒரு விரல் எரிய வேண்டியிருந்தது.

அண்ணாந்து பார்த்தாள். “காலையில மூணு சுத்து இருந்துச்சே?”

“மதியம் சன்னல் தெறந்து கெடந்துச்சும்மா. காத்துல வேகமா எரிஞ்சிடுச்சு.” பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், காது மடல் சிவந்துவிட்டது. அவள் சன்னலையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. சுருளுக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டாள்.

நாலரை. நாலே முக்கால். ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். நெருப்பு நூல் முடிச்சுவரை வந்து அங்கேயே கண் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எரிந்து தொலையேன் சனியனே என்று வாய்க்குள் திட்டினேன், சாமி முன்னால் நிற்கிறோம் என்ற நினைப்புக்கூட இல்லாமல். ஐந்தடித்துக் கொஞ்ச நேரத்தில் நூல் அறுந்து சீட்டு விழுந்தது. அதை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். காலை எடுத்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்து அவள் கூடத்துக்கு வந்தாள். கும்பிட வரவில்லை. நடுக்கூடத்தில் நின்று சாமியைப் பார்த்துச் சத்தம் போட்டாள். “முழுசா எரிஞ்சுதே! நான் என்ன கொறை வெச்சேன்? அப்புறம் ஏன் எம்புள்ள காலு போச்சு? இனிமே செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!”

தம்பி முன்னால் நகர்ந்தான். நான் அவன் கையைக் கிள்ளினேன், சதை பிய்கிற மாதிரி. கேட்டால்தானே?

“முழுசா எரியலம்மா. சாமி மேல தப்பில்ல. நான்தான் ஒடிச்சேன்.”

பளாரென்று ஒரு அறை. அவன் தலையிலிருந்த சாம்பல் பறந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உயிரக் காப்பாத்துனவன் மேல கை நீட்டுறியா? நன்றி கெட்டவளே!”

“அக்கா, நீ சும்மா இரு,” என்றான்.

“மூணு நாள் விட்டிருந்தா எம்புள்ள காலு நின்னுருக்கும்!” என்று அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“இருக்கலாம்மா,” என்றான்.

இருக்கலாமாம்! டாக்டர் சொன்னதைச் சொல்ல வேண்டியதுதானே? வீட்டில் அன்றைக்குச் சண்டை போட்டேன். “சாமியத் திட்டிட்டு அவங்க எங்கக்கா போவாங்க? என்னத் திட்டிக்கட்டும்,” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரம் அவளைக் காணவில்லை; கூடத்து நிர்வாகத்திடமும் போய்ச் சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில் என் கடை முன்னால் வந்து நின்று, “ஒரு சுருள் குடு. புண்ணு ஆறணும்,” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போனவள் என்ன செய்யப்போகிறாளோ என்று கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

தம்பி ஏணியடியில் இருந்தான். அவள் சுருளைக் கொடுக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டாள்.

“இதுல கை வெக்க மாட்டேன்னு சொல்லு.”

சொல்லித் தொலைடா, ஒரு வார்த்தைதானே என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“டாக்டரு மறுபடி அவசரம்னு சொன்னா ஒடிப்பேம்மா,” என்றான்.

அவள் அண்ணாந்து உத்தரத்துக் கொக்கியைப் பார்த்தாள். பிறகு சுருளை அவன் கையில் கொடுத்தாள்.