மரியாதைக்கு இறக்கிய வேட்டி

பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயிலில் தோப்பு வேலை பார்க்கிறவன் நான். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. "சரித்திரம் உள்ள எடமாக்கும் அத்தான், மகாராஜா டச்சுக்காரனைத் தோக்கடிச்ச ஊரு" என்று என் மனைவியின் தம்பி என்னைக் குளச்சலுக்கு இழுத்துப் போனான். போனவன் வெற்றித்தூணுக்கு முதுகைக் காட்டி நின்று செல்போனில் தன்னையே படம் எடுத்தான். அங்கே வந்திருந்த கூட்டமும் அதையேதான் செய்தது. தூணை நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

பிறகு துறைமுகத்து அலைத்தடுப்புக் கற்களில் என்னை ஏறச் சொன்னான். பாசிக்கல் வழுக்கும் என்று தெரிந்தும், மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு ஏறினேன். அங்கே வயதான மீனவர் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர்கள் முன்னால், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது எங்கள் பழக்கம். நானும் இறக்கினேன். அப்போது ஓர் அலை அடித்தது. நனைந்த வேட்டி இரண்டு கால்களையும் சுற்றிக்கொள்ள, கடலுக்குள் சரிந்தேன்.

அந்தப் பெரியவர்தான் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். "எலே, மரியாதையைக் கரையில வச்சுட்டு வரணும். முண்டை மடிச்சுக் கெட்டுலே!" என்றார், என் வேட்டியைக் காட்டி.

மச்சினன் அப்போதும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "இந்தப் பக்கம் திரும்புங்க அத்தான், முகம் தெரியல்ல" என்றான்.

கல்லில் சிராய்த்த முழங்கால் புண் ஆறிவிட்டது. இப்போதெல்லாம் கடல் பக்கம் யார் எதிரே வந்தாலும் நான் வேட்டியை இறக்குவதில்லை. மச்சினன் கல்லில் ஏறச் சொன்னால், "நீ ஏறு மக்கா, நான் படம் எடுக்கேன்" என்கிறேன். அவன் இதுவரை ஏறவில்லை.