ஆவி கட்டி விளையாடிய மழைக்காலம்

கேட்டதைக் கொடுக்காமல் எந்த ஆவியையும் கட்டக் கூடாது. எங்கள் விளையாட்டின் முதல் விதி அது. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் விதிகளில் இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் கண்டதில்லை.

எழுபதுகளில் நானும் மனைவியும் மலைமேல் சித்திரபுரத்தில் அலுவலகக் குடியிருப்பில் இருந்தோம். நான் அங்கேயே தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். அவள் பாலக்காட்டுக்குக் கிழக்கே, நிலக்கடலை விளையும் ஊர்க்காரி. மழை பிடித்துக்கொண்டால் வெளியே போக வழியில்லை. அவளுக்கு மூச்சிளைப்பு வேறு. அந்த நாட்களுக்காக அவளே உண்டாக்கிய விளையாட்டு. அவள் ஆவியைக் கட்டும் கோடாங்கி, நான் ஆவி. தகர டப்பாதான் உடுக்கை. ஆவி தன் விலையைச் சொல்லும். கோடாங்கி ஒப்புக்கொண்டால், சூடத்துக்குப் பதில் எரியும் தீக்குச்சியை அடித்து அணைத்து ஆவி சத்தியம் செய்யும். உடனே கோடாங்கியின் மணிக்கட்டு நூலில் ஒரு முடிச்சு விழும். முடிச்சுக்கு ஒரு வித்தை. நெருப்பைக் கட்டினால் ஈர விறகு எரியும். காற்றைக் கட்டினால் நினைத்த இடத்துக்குப் பறக்கலாம். கோடாங்கி வாக்குத் தவறினால் முடிச்சு அவிழும், வித்தையும் போய்விடும்.

"காத்தாவி, உனக்கு என்ன வேணும்?"

"தெனமும் ரெண்டு பணியாரம்."

"ஏனுங்க, ஆவியா வந்தும் திங்கற நெனப்புதானுங்களா?"

"ஆவிக்குத்தான் புள்ள பசி ஜாஸ்தி."

காற்றைக் கட்டிய அன்று கண்ணை மூடி ஊருக்குப் பறந்தாள். வீட்டு எருமை கன்று போட்டிருப்பதாகத் திரும்பி வந்து சொன்னாள்.

இளைப்பு முற்றியது. மலைக்குளிர் ஆகாது, கீழே போய்விடுங்கள் என்றார் மருத்துவர். பாலக்காட்டுக்கு ஸ்தலமாற்றம் கேட்டு, மருத்துவச் சான்றுடன், மேலதிகாரி வழியாக விண்ணப்பித்தேன். அது எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மேசைகளுக்குத்தான் தெரியவில்லை. அவளிடம், நீ முன்னே ஊருக்குப் போய் இரு என்றேன்.

"நா மட்டும் போனா வாழாவெட்டின்னு பேசுவாங்க. நீங்க வந்தா வர்றனுங்க."

ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், மூச்சு சற்றுத் தணிந்திருந்தபோது, நூலைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினாள்.

"இன்னிக்கு நீங்க கோடாங்கி, நாந்தான் ஆவி. போயிராம கட்டிப்போடுங்க பாக்கலாம்."

டப்பாவைத் தட்டினேன். "ஆவியே, உனக்கு என்ன வேணும்?"

"ஊட்டுக்குப் போகோணுங்க. உங்களோட."

தீக்குச்சியைக் கிழித்தேன். சரி என்று சொல்ல என்னிடம் உத்தரவு இல்லை. குச்சி விரல்வரை எரிந்தது.

"உங்க ஆபீசு கோடாங்கி இன்னும் உடுக்கையே எடுக்கலையாட்டங்க" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது.

அந்த வாரமே போய்விட்டாள். ஜீப் பிடித்து, மறையூர் இறங்கி, உடுமலைப்பேட்டை வழியாக அவளை ஊருக்குக் கொண்டுபோனேன். அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

காரியம் முடிந்து திரும்பி வேலையில் சேர்ந்தேன். மனைவியின் உடல்நிலையை முன்னிட்டு மாற்றம் அனுமதிக்கப்படுகிறது என்ற பதில் கார்த்திகை முதல் தேதி வந்தது.