சின்னம்மாவின் கைப்பையில் ஒரு ரோட்டர்

ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி அனுப்பிய படம் போனுக்கு வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் பச்சை மிளகாய் நிறுக்கக் கொடுத்துவிட்டு நின்றேன். படத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை விரிந்து கிடந்தது. அதன் நடுவில் பெருவிரல் அளவில் கறுப்பாக ஒரு சாமான், அதன் தலையில் ஒரு பித்தளைத் தகடு. கீழே எழுதியிருந்தாள்: "அண்ணா, இது சின்னம்மாவின்ர ஹாண்ட்பேக்குக்குள்ள கிடந்தது. என்ன இது? எறியட்டோ?" சின்னம்மா அங்கே காலமாகி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, தங்கச்சி அவருடைய அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. "எறியாதை" என்ற ஒரு சொல்லை எழுதுவதற்குள் அவசரத்தில் பிழை பிழையாக விழுந்தது. கடைக்காரர் பின்னால் நின்று கூப்பிடக் கூப்பிட, மிளகாயை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அது என்னவென்று பார்த்ததுமே தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அதன் பெயர் ரோட்டர். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மூடிக்குள் இருந்து சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற துண்டு. இரண்டு கிளிப்பைத் தட்டி மூடியைத் தூக்கினால் கையோடு கழன்று வந்துவிடும். அது இல்லாவிட்டால் கார் உறுமுமே தவிரக் கிளம்பாது. சின்னம்மாவிடம் இருந்தது ஓர் இளம்பச்சை மொரிஸ் மைனர். அதன் கதவைத் தேக்கரண்டிக் காம்பாலும் திறக்கலாம் என்பதால், எங்கே நிறுத்தினாலும் ரோட்டரைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வது அவருடைய வழக்கம். கலியாண மண்டப வாசலில் பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பொனட்டுக்குள் குனிந்து நிற்பார். மாப்பிள்ளை வீட்டார் வேடிக்கை பார்ப்பார்கள். என் அம்மா, தனக்கும் அந்தப் பெண்ணுக்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோல விறுவிறு என்று உள்ளே போய்விடுவார்.

சம்பந்தம் இல்லாமல் எப்படி? சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. கலியாணம் செய்துகொள்ளவில்லை. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. அங்கே பெரியவராக இருந்தவர் ஓய்வுபெற்றுப் போகும்போது அவருடைய காரை இவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் ஓடிவிட்டு விற்றுவிடுவார் என்று வீட்டில் நினைத்தார்கள். அவரோ அந்தக் காரோடு குடும்பமே நடத்தினார். ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாத மனுஷி. எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் எழும்பிவிடுவார். பந்தியில் பாயாசம் வந்துகொண்டிருக்கும்போதே "போவமே?" என்று என் தோளைத் தட்டுவார். அவர் கொஞ்சமாவது அமைதியாக இருந்த இடம் அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கைதான். அங்கேயும் காது மட்டும் அமைதியாக இராது. தெஹிவளைப் பாலம் தாண்டுவதற்குள் நெற்றியைச் சுருக்கி, "ஒரு சத்தம் கேக்குது, உனக்குக் கேக்கேல்லையே?" என்பார். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவில்லை என்றால் நிறுத்தி இறங்கிவிடுவார் என்று பயந்து, கேட்கிறது என்று சொல்லிவைப்பேன். அதற்கும் நிறுத்தி இறங்குவார்.

அவர் இருந்த ஒழுங்கை கடலில் போய் முடிவது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் காருக்கு முழுக்கு. மேலே ஊற்றுவதைவிடக் கீழே, சில்லுகளின் உட்பக்கத்தில்தான் அதிகம் ஊற்றுவார். காரைப் பார்க்கிறவர்கள் மேலே பார்க்கிறார்கள், கறள் கீழேயிருந்து வருகிறது என்பது அவர் கட்சி. எல்லாம் துடைத்து முடிந்தபிறகு வாசற்படியில் குந்தி, ரோட்டரை மடியில் வைத்து, நகம் ராவுகிற சின்ன அரத்தால் அதன் பித்தளை முனையை மெல்ல ராவுவார். நெருப்புப்பொறி பட்டுப் பட்டு அந்த முனை கறுத்துப்போகும், ராவிவிட்டால்தான் எஞ்சின் விக்காமல் ஓடும். அந்த அரத்தால் அவர் தன் நகத்தை ராவி நான் பார்த்ததில்லை.

சண்டைக் காலத்தில் அந்த ரோட்டர் எங்களை மாட்டிவிடப் பார்த்தது. நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் போய்விட்டு, அடுத்த ஒழுங்கையில் விட்டிருந்த காரை நோக்கி நடந்தபோது சோதனைக்கு மறித்தார்கள். எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்த ஆமிக்காரப் பெடியன் சின்னம்மாவின் கைப்பையை மேசையில் கவிழ்த்தான். சீப்பு, விபூதிச் சரை, நக அரம், கைக்குட்டை. கைக்குட்டையை விரித்தவன் சட்டென்று கையை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் போனான். "மேக்க மொகத்த?" என்றான். இது என்ன என்கிற அந்தக் கேள்விக்குச் சரியான மறுமொழி சொல்லத் தெரியாதவர்கள் வீடு திரும்பாத காலம் அது. சின்னம்மாதான், "கார் எக்கே ரோட்டர் எக்க, மல்லி", காரின் ரோட்டர்தான் தம்பி என்று சிங்களத்தில் சொல்லி, வந்து பார் என்று கையால் காட்டினார். அவன் துவக்கை நீட்டிக்கொண்டு பின்னால் வர, நாங்கள் முன்னால் நடந்தோம். பொனட்டைத் திறந்தார். ரோட்டரைப் பொருத்தினார். இருக்கையில் ஏறி ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். கார் பிடித்தது. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், போ என்று தலையசைத்தான்.

முடக்குத் திரும்பியதும் சின்னம்மா காரை ஓரங்கட்டினார். விம்மி விம்மி அழுதார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, ஒரு பிளக் விட்டு விட்டுப் பிடிக்குது, கேட்டியே?" என்றார். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று அம்மாவும் நானும் எவ்வளவோ சொன்னோம். "அவங்களுக்குப் பயந்து என்ர காரைக் கள்ளனுக்குக் குடுக்கச் சொல்லுறியளோ?" என்று எங்கள் மேல்தான் பாய்ந்தார்.

அப்பா காலமானபிறகு அம்மா தங்கச்சியோடு ரொறன்ரோவுக்குப் போனார். அங்கே அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுத் திரும்பியதும் முதலில் தன் தங்கையைத்தான், சின்னம்மாவைத்தான் கேட்டாராம். சின்னம்மா ஓய்வுபெற்றிருந்தார், போகாமல் இருக்க ஒரு சாட்டும் இல்லை. "ஆறு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் இருக்கமாட்டன்" என்று எல்லோரிடமும் சண்டைக்காரர் மாதிரிச் சொல்லித் திரிந்தார். எங்கள் வீடு காலி வீதிக்கு மறுபக்கம், கடலைவிட்டு எட்ட இருப்பதால் காரை எங்கள் கொட்டிலில் விடுவதென்று ஏற்பாடு. பயணத்தன்று பின்னேரம் தானே ஓட்டிவந்து நிறுத்தினார். பொனட்டைத் திறந்து மூடினார். திறப்பை என் கையில் தந்து, காரின் கூரையில் ஒரு தரம் தட்டிவிட்டு, விமான நிலையத்துக்கு வான் வண்டியில் ஏறினார். அடுத்த ஞாயிறு நான் ஸ்டார்ட் செய்யப்போனால் ரோட்டர் இல்லை! போன் எடுத்தேன். "ஐயோ, அது என்னோட வந்திட்டுது தம்பி" என்று வாய்விட்டுச் சிரித்தார். "பரவாயில்லை, வரேக்க கொண்டுவாறன். அதுமட்டும் ஒருத்தரும் என்ர வண்டியில கை வைக்கப்படாது."

ஆறு மாதம் போயிற்று, அதற்குமேலும் போயிற்று. அம்மாவைத் தூக்கி இருத்தவும் குளிப்பாட்டவும் ஆள் தேவைப்பட்டது. கார் கொட்டிலில் நின்றது. ஓடாத கார் சும்மா நிற்பதில்லை, உள்ளுக்குள் இருந்து கெட்டுக்கொண்டே நிற்கும். டயர் சப்பையானது, பெற்றோல் நாறியது, பின் இருக்கையில் பூனை குட்டி போட்டது, கதவின் அடியில் பெயின்ற் பொருமத் தொடங்கியது. எஞ்சின் இறுகிவிடக்கூடாதே என்று ஞாயிறு தோறும் முன்பக்கத்தில் இரும்பு ஹாண்டிலைப் போட்டு வெறுமனே சுற்றிவிடுவேன். பக்கத்து வீட்டு ஐயா மதிலால் எட்டிப் பார்த்து, "என்ன, மாவோ அரைக்கிறீர்?" என்று கேட்பார். ஞாயிறு காலையில் பழைய கார்களோடு காலிமுகத்திடலில் கூடுகிற நண்பர்கள், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் வாங்கக்கூடிய சாமான் என்று பகடி பண்ணினார்கள். மனைவியும், "இஞ்சருங்கோ, ஒண்டை வாங்கிப் போட்டால் என்ன?" என்றாள். எனக்கும் தெரியாததல்ல. ஆனால் வேறொரு ரோட்டரைப் போட்டு அந்தக் கார் ஓடிவிட்டால் சின்னம்மா திரும்பி வரவேண்டிய தேவை இல்லாமல் போய்விடும் என்று ஒரு விசர் எண்ணம் எனக்குள் புகுந்திருந்தது. அந்த எண்ணம் என்னை இருக்கவும் விடவில்லை, ஒன்றைச் செய்யவும் விடவில்லை.

ஒருநாள் சின்னம்மா தானாகவே போன் எடுத்தார்.

"வண்டி எப்பிடி இருக்குத் தம்பி?"

"நிக்குது சின்னம்மா."

"நிக்குதோ? ஓடுறேல்லையே?"

"ரோட்டர் உங்களிட்டையெல்லோ கிடக்கு. வரேக்க கொண்டுவாறன் எண்டனீங்கள்."

மறுமுனையில் பின்னால் அம்மா ஏதோ கேட்டு முனகுவது கேட்டது.

"விசரா, நிப்பாட்டி வச்ச கார் செத்துப்போகுமெல்லோ" என்றார். "நாளைக்கே பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒண்டு வாங்கிப் போடு."

"அப்ப நீங்கள் வரமாட்டியளோ?"

"கொம்மாவை ஆர் தூக்கிறது?" என்று கேட்டார். பிறகு குரல் இறங்கி, "சொன்னதைச் செய் ராசா" என்றார்.

செய்தேன். கடைக்காரர் அதை ஒரு சின்னப் பொலித்தீன் பையில் போட்டுத் தந்தபோது, யாரையோ வழியனுப்பிவிட்டு வருகிற மாதிரி இருந்தது எனக்கு. டாங்கியைக் கழுவி, பற்றரி மாற்றி, பூனையை இடம் மாற்றி, ஒருவாறாகக் கார் பிடித்தது. போனைப் பொனட்டுக்குள் நீட்டினேன். சின்னம்மா நெடுநேரம் கேட்டார். "டாப்பெட் கத்துது. உனக்குக் கேக்கேல்லையே?" என்றார். அன்று எஞ்சினுக்குள் அந்த டிக் டிக் சத்தம் எனக்கு உண்மையாகவே கேட்டது. அதன்பிறகு ஞாயிறு தோறும் அதே வேலை. நான் போனை நீட்டுவேன், அவர் அங்கேயிருந்து குறை சொல்லுவார். அம்மா காலமானபிறகு வாருங்கள் என்றேன். முழங்கால் ஏலாது என்றார், டொக்டர் விடமாட்டார் என்றார், குளிர் முடியட்டும் என்றார். அந்தப் பழைய ரோட்டரைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எப்போதோ எங்கேயோ எறிந்திருப்பார் என்றே நினைத்தேன்.

சென்ற கிழமை, ஊருக்கு வந்த தங்கச்சியின் சிநேகிதி அதைக் கொண்டுவந்து தந்தாள். கைக்குட்டையைப் பிரித்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இத்தனை வருடம் கைப்பைக்குள் கிடந்த பித்தளை பச்சை பூத்துக் கறுத்திருக்க வேண்டும். இது பளிச்சென்று இருந்தது. முனையில் மெல்லிய கீறல்கள், அரம் பட்ட கீறல்கள், புதியவை. வேறு ரோட்டரை வாங்கிப் போடு என்று எனக்குச் சொல்லிவிட்டு, வரமாட்டேன் என்பதையும் எனக்கு விளங்கப்படுத்திவிட்டு, அந்தக் குளிரூரில் கட்டிலோரம் இருந்து இதை ராவிக்கொண்டே இருந்திருக்கிறார். வந்த பெண்ணுக்கு முன்னால் கண்ணைத் துடைக்கக் கூச்சமாக இருந்தது, துடைத்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. அவள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் எழும்பிக் கொட்டிலுக்குப் போய்விட்டேன். பஞ்சிகாவத்தை ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சின்னம்மாவினதைப் பொருத்தினேன். ஒரே இழுவையில் பிடித்தது. டாப்பெட் கத்தவில்லை, பிளக் விக்கவில்லை, குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பொனட்டுக்குள் நீட்டுவதற்குப் போனைக் கையில் எடுத்தேன். யாருக்கு எடுப்பது என்று பிறகுதான் யோசித்தேன்.