முறுக்கினால் மட்டும் எரிந்த விளக்கு

என் மோட்டார் சைக்கிள் பதினைந்து வருடப் பழசு. பின்விளக்கின் பல்பு அடிக்கடி ஃப்யூஸ் ஆனதால், திருவொற்றியூரில் ஒரு கடையில் எல்இடி விளக்கு மாட்டினேன். கடைக்காரர் ஆக்சிலேட்டரை முறுக்கிக் காட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. நம்பிவிட்டேன்.

அன்று இருட்டும் நேரத்தில் மனைவியோடு எண்ணூர் சாலையில் வந்தபோது, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கினோம். விளக்கைப் போட்டு, இன்ஜினை அணைக்காமல் நின்றேன். திடீரென்று பின்னால் வந்த லாரியின் கிளீனர் டிரைவரைப் பார்த்து அலறினார்: "அண்ணே, நிறுத்து! முன்னாடி வண்டி கீது!"

பம்பர் என் நம்பர் பிளேட்டை வளைத்துவிட்டு நின்றது. மனைவிக்கு அடியில்லை. ஆனால் என் சட்டையைப் பிடித்த கையை வீடு வரும்வரை அவள் எடுக்கவில்லை.

கிளீனர் இறங்கி வந்தார். "இன்னா நைனா, லைட்டு இல்லாம நிக்கிற? சாவறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா?"

திரும்பிப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. முறுக்கினேன், எரிந்தது. விட்டேன், அணைந்தது. என் வண்டியில் பின்விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜின் ஓட்டத்திலிருந்து வருகிறது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது எல்இடிக்குப் போதவில்லை.

மறுநாள் கடைக்காரரைக் கேட்டேன். "நான் காமிச்சப்போ எரிஞ்சுதா இல்லியா? நிக்கிற வண்டிக்கு இன்னாத்துக்கு சார் லைட்டு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அங்கேயே நின்று, அதைக் கழற்றி, இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் மங்கலாகவாவது எரியும் பழைய வகைப் பல்பையே போடவைத்தேன்.

இப்போது யார் எந்த விளக்கை மாட்டினாலும், ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்று நானே பார்க்கிறேன்.