துக்க வீட்டு ஆம்ப்ளிஃபயர்

ராதென்கோ வேலையைத் தொடங்குமுன் இடது கையைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்வார். கட்டைவிரல் வெளியே நிற்க, நான்கு விரல்களையும் உள்ளே விட்டு ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வார். பிறகு வலது கைக்கு மட்டும்தான் வேலை. இரண்டு கையும் பெட்டிக்குள் போனால் மின்சாரம் ஒன்றில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மற்றதில் இறங்கும். ரயில் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவருக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. செர்பியாவின் நீஷ் நகரில் வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்த வீடுகளுக்கெல்லாம் அவர்தான் மாஸ்டர். பிளக்கைப் பிடுங்குவார், சூடான கண்ணாடி வால்வு ஆறக் காத்திருப்பார், மீட்டரை வைத்துப் பார்ப்பார், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கி நிற்கும் மின்சாரத்தை வடிப்பார். அந்த வரிசையை அவர் மீறி யாரும் பார்த்ததில்லை.

ஸ்வெதோஸார் வீட்டில் மீறினார்.

ஸ்வெதோஸார் இறந்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. நாற்பதாம் நாள் சடங்குக்கு வியன்னாவிலிருந்து வரும் மகன், அப்பா தன் கையாலேயே செய்த ஆம்ப்ளிஃபயரை எடுத்துப்போகக் கேட்டிருந்தான். கடைசி நாட்களிலேயே அதில் ஒரு பக்கம் சத்தம் நின்றுவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தாள் ஸ்வெதோஸாரின் மனைவி மிலுன்கா. கறுப்புத் தலைத்துணியோடு காப்பி கொண்டுவந்து வைத்தாள். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஸ்வெதோஸாரின் அக்கா தோப்ரிலாவும் மேலே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சி துக்கத்துக்காகப் போர்த்திய வெள்ளை விரிப்புக்குள் கிடந்தது.

"கோயில் பக்கமே போகாத என் தம்பி, இந்தப் பெட்டி முன்னாடி மட்டும் மணிக்கணக்கா உக்காருவான்," என்றாள் தோப்ரிலா.

"பெட்டி காணிக்கை கேக்காதுல்லக்கா," என்றார் ராதென்கோ.

தோப்ரிலாவின் உதடு லேசாக நெளிந்தது. மிலுன்கா சிரிக்கவில்லை.

செத்த வால்வைக் கழற்றினார். அதன் சாக்கெட்டில் பிடிகள் தளர்ந்திருந்தன. இறுக்காவிட்டால் புதிய வால்வு நிற்காது. பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைத் திறந்தார். இறுக்க இரண்டு கையும் வேண்டும். மீட்டர் பையின் அடியில் எங்கோ இருந்தது. வெள்ளை விரிப்பை ஒருமுறை பார்த்தார். துக்க வீட்டில் ரேடியோகூட வாய் திறக்காது.

"ஓடிட்டிருந்த பெட்டின்னா கை வெச்ச நிமிஷம் ஆளை எடுத்துடும். இது முப்பத்தாறு நாளா சும்மா கெடக்கு," என்றபடி இடது கையை வெளியே எடுத்தார்.

ஒரு கை தகட்டைப் பிடித்தது. மறு கை உள்ளே இறங்கத் தொடங்கியது.

"மாஸ்டர், கையை எடுங்க," என்றாள் மிலுன்கா.

அவர் நிமிர்ந்தார்.

"காலையில போட்டேன்."

"எதை?"

"அதைத்தான். இன்னிக்கு மட்டுமில்ல, தினமும். சின்ன சத்தமா வெச்சு. நேத்துத்தான் ஒரு பக்கம் போச்சு." நாத்தனாரைப் பார்க்காமல் காப்பிக் கோப்பையைப் பார்த்தே பேசினாள். "வீடு இவ்வளவு அமைதியா இருந்தா தாங்க முடியல, அண்ணி."

துக்கத்தில் பாட்டுக் கேட்டவளைத் தெரு என்ன சொல்லும் என்பது மூவருக்கும் தெரியும். தோப்ரிலா எழுந்தாள்.

"சனிக்கிழமை படையலுக்குக் கோதுமை ஊறப் போடணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ராதென்கோ பையைக் கொட்டி மீட்டரை எடுத்தார். முந்நூற்றுப் பத்து வோல்ட். மின்சாரம் தானாக வடிய ஸ்வெதோஸார் வழி வைக்காமலே விட்டிருந்தார். ராதென்கோ அதை மெதுவாக வடித்தார். முள் பூஜ்யத்தில் படுக்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சாக்கெட்டை இறுக்கி, தகட்டை மூடி, புதிய வால்வைச் செருகினார்.

"போட்டுப் பாக்கணும். சத்தம் வெளிய கேக்கும்."

"போடுங்க," என்றாள் மிலுன்கா. ஜன்னலை அவள் சாத்தவில்லை.

வருஷ நினைவுநாளில், கல்லறைக்குப் பக்கத்தில், ராதென்கோவுக்கு ராக்கியா என்ற பழச்சாராயத்தை ஊற்றிக் கொடுத்தபோது தோப்ரிலா தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"என் அறை அந்தப் பெட்டிக்கு நேர் கீழ, மாஸ்டர். தினமும் காலையில நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். நீங்க கையை உள்ள விட்டப்போ, அது காலையில ஓடினது எனக்கும் தெரியும். சொல்ல வாய் வரல."