படங்கு கட்டத் தெரியாத பொம்மை

துரைசாணியின் கவுன் எனக்குத்தான் என்று நானாக முடிவு செய்து, அதற்கான லேஸ் துணியையும் பதுளைக் கடைவீதியில் வாங்கி வைத்த பிறகுதான் சீட்டுக் குலுக்கினார்கள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

நாங்கள் மூன்று பேர். மூவரும் ஆண்கள், மூவரும் மேடையில் பெண் வேடம் கட்டுகிறவர்கள். மற்ற நாட்களில் நான் பதுளையில் தையற்காரன். ஒருவன் பண்டாரவளையில் சலூன் வைத்திருக்கிறான். இன்னொருவன் ஹாலிஎலயில் ஆட்டோ ஓட்டுகிறான். இந்த ஆட்டோக்காரன் எந்த வேடத்துக்கும் மீசையை எடுக்க மாட்டான். மீசையோடு அழகாயிருக்கத் தெரியாதவன் மீசை இல்லாமல் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறான் என்பது அவன் கட்சி.

ஹாலிஎலக்கு மேலே மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையை மியூசியமாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். எங்கள் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டனுப்பினார். மியூசியத்திலுள்ள பழைய உடைகளை எங்கள் பாணியில் புதிதாகத் தைத்து, பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் பிற்பகலில் போட்டு ஆடிக் காட்ட வேண்டும். உள்ளே மூன்று உடைகள் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள், வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசாணியின் வெள்ளைக் கவுனும் இறகு செருகிய தொப்பியும். பக்கத்துப் பெட்டியில் பெரிய கங்காணியின் மனைவி கட்டிய பட்டுச் சேலை. மூலையில், கண்ணாடிகூட இல்லாமல், கொழுந்து பறிக்கும் பெண்ணாக ஒரு பொம்மை. சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றிப் படங்கு. பனியும் செடியும் சேலையைக் கெடுக்காமலிருக்கக் கட்டுகிற சாக்குத்தான் படங்கு. தோளில் கூடை.

தேத்தண்ணிக் கோப்பைக்குள் சீட்டைப் போட்டுக் குலுக்கியதில் கவுன் மீசைக்காரனுக்குப் போனது. பட்டுச் சேலை சலூன்காரனுக்கு. எனக்குச் சாக்கு.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பூனாகலைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்து, ஊசி பிடித்து மேலே வந்து, கடைசியில் திரும்பவும் சாக்கா? லேஸ் துணியை மீசைக்காரனிடம் கொடுத்தேன். அவன் அதைத் தோளில் போட்டுப் பார்த்து, "மாப்பிள, நமக்கு வெள்ளை நல்லா எடுக்குது என்ன?" என்றான். எடுக்கவில்லை என்று சொன்னேன். எடுத்தது.

என் கவலை சாக்கு மட்டுமல்ல. என் அக்கா அதே பூனாகலைத் தோட்டத்தில் இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறாள். தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது நான்தான் ரதி. அப்போது அக்கா என் காலில் விழுந்து கும்பிடுவாள், நெற்றியில் குங்குமம் வைப்பாள், என் சேலை மடிப்பைக் கலைத்த பையன்களைக் குச்சியெடுத்து விரட்டுவாள். நான் வெளி மேடைகளில் ஆடத் தொடங்கியதும் எல்லாம் நின்றுபோயிற்று. "சாமிக்குக் கட்டுறது வேற, சனத்துக்குக் கட்டுறது வேற" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பதினோரு வருடமாக ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. வீட்டுக்குப் போனால் சோறு போடுவாள், மழையைப் பற்றிப் பேசுவாள், என் வேலையைப் பற்றிக் கேட்டால் தையலைப் பற்றி மட்டும் கேட்பாள். எனக்குக் கைதட்ட எத்தனையோ பேர் இருந்தார்கள். அக்கா ஒருமுறை வந்து உட்கார்ந்தால் போதும் என்றுதான் ஒவ்வொரு மேடையிலும் மூன்றாவது வரிசையைப் பார்ப்பேன். அது எனக்குப் பெரிய வலி. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நிலையில் அவளிடம் போய், "அக்கா, படங்கு எப்படிக் கட்டுறது?" என்று கேட்க எனக்கு வாய் வருமா? ஆகவே மியூசியத்துக்குப் போனேன். பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்து, முடிச்சு எந்தப் பக்கம், கூடைக் கயிறு எந்தத் தோளில் என்று கொப்பியில் படம் வரைந்துகொண்டு வந்தேன். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் என் அளவுக்கு அலைந்திருக்க மாட்டான்.

தைக்கத் தொடங்கியதும் கோபம் போய்விட்டது. அதுதான் என் பலவீனம். சாக்கு முழுக்க ஜிகினா வைத்தேன். கூடையை வெள்ளிக் கம்பியில் பின்னினேன். கரும்பச்சை சாட்டினில் இரண்டு இலை ஒரு மொட்டாக வெட்டி, சேலை முழுக்க வைத்துத் தைத்தேன். சலூன்காரன் பார்த்துவிட்டு, "இது கொழுந்தா, வெத்தலையா? சுண்ணாம்பு எங்க?" என்று கேட்டான். அவனுடைய மூக்குத்தி அன்று தேத்தண்ணிச் சாசர் அளவுக்கு இருந்ததை நானும் சொல்லிக் காட்டினேன்.

போயா நாளும் வந்தது. தொழிற்சாலை ஓடிய காலத்தில் கொழுந்து வாட்டிய மேல்மாடிதான் மேடை. மீசைக்காரன் தன் தொப்பியை அவ்வளவு அகலமாகச் செய்திருந்ததால் அது வாசலுக்குள் நுழையவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து நண்டைப் போல உள்ளே வந்தான். அதற்கே பாதிக் கைதட்டு கிடைத்தது. சலூன்காரன் வந்து மூக்குத்தியை ஆட்டியே மீதியை வாங்கிக்கொண்டான். திரைக்குப் பின்னாலிருந்து நான் கூட்டத்தை எட்டிப் பார்த்தேன்.

மிஸ் எங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார். கொழுந்து உடை காட்டும்போது கொழுந்து பறிப்பவர்கள் இருக்க வேண்டுமென்று லொறி அனுப்பிப் பூனாகலையிலிருந்து பெண்களை அழைத்து வந்திருந்தார். மூன்றாவது வரிசையில், மடியில் ஹேண்ட்பேக்கை அணைத்துக்கொண்டு, சிரிக்காமல் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

ஓடிவிடலாம் என்று திரும்பினால் வழியில் அந்தத் தொப்பி நின்றது. பாட்டு தொடங்கிவிட்டது. போனேன்.

நான் எதிர்பார்த்தது கைதட்டு. வந்தது முணுமுணுப்பு. முன்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, "கூடைய எங்கப்பா மாட்டியிருக்க? பள்ளிக்கூடத்துக்கா போற?" என்றாள். இன்னொருத்தி, "முடிச்சப் பாருங்கடி, பெரட்டுக்கு இப்படிப் போனா கங்காணி அங்கேயே திருப்பி அனுப்பிருவாரு" என்றாள். பெரட்டு என்றால் காலையில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புகிற இடம். நான் அங்கே போகவில்லை, கலை நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறேன் என்று விளக்க நேரமில்லை. ஒரு சுற்று சுற்றினேன். பொம்மை கட்டியபடி கட்டிய படங்கு பொம்மைக்குத்தான் நிற்கும் போலிருக்கிறது. ஜிகினாவும் சாக்குமாக அவிழ்ந்து காலடியில் விழுந்தது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மியூசியக் காவலாளியும் சிரித்தார்.

அக்கா எழுந்தாள். பேக்கைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு மேடைக்கு நடந்து வந்தாள். அறை விழப்போகிறது என்றே நினைத்தேன். விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று அவள் வந்து சேர்வதற்குள் முடிவும் செய்துவிட்டேன். அவள் குனிந்து சாக்கை எடுத்து, தூசி தட்டி, என் இடுப்பைச் சுற்றினாள்.

"மூச்ச இழு."

இழுத்தேன். இரண்டு சுற்றுச் சுற்றி, வயிறு உள்ளே போகும்படி இறுக்கி முடிச்சுப் போட்டாள். கூடையைத் தோளிலிருந்து கழற்றி முதுகுக்குக் கொண்டுபோய், கயிற்றை என் உச்சியில் வைத்தாள். கழுத்து தானாக நிமிர்ந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான் எப்படி ஆடினேன் என்று எனக்கு நினைவில்லை. பெண்கள் விசிலடித்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

ஆட்டம் முடிந்து, வேடத்தோடேயே அக்காவைத் தேடிக் கீழே ஓடினேன். சனமெல்லாம் பன் தின்றுகொண்டிருக்க, அவள் மூலையிலிருந்த பொம்மையின் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் பதறி ஓடி வந்தார்.

"ஐயோ, அம்மா, தொடாதீங்க! இது பழைய காலத்துப் பொருள்!"

அக்கா சாக்கைத் திருப்பிப் பார்த்தாள். உட்பக்கம் உரக் கம்பெனியின் முத்திரை பளிச்சென்று இருந்தது. "பழசா? இதே சாக்கத்தான் நேத்து நானும் கட்டிக்கிட்டு மலைக்குப் போனேன்" என்றாள். சொல்லிவிட்டு முழங்காலை ஊன்றி, பொம்மையின் இடுப்பில் அதை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

மிஸ்ஸுக்குக் கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. "நீங்க யாரு?" என்று கேட்டார்.

கொழுந்து பறிக்கிறவள் என்று சொல்வாள் என நினைத்தேன். அந்த இடத்தில் அதுதான் பொருத்தமான பதில். அக்கா முடிச்சை இறுக்கிக்கொண்டே, பன் தின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மூணாவதா வந்து ஆடுனான் பாருங்க, அவனுக்கு நான் அக்கா."

என் கண் மை கன்னம் வரை இறங்கிவிட்டது. அக்கா எழுந்து, முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, என் சேலையில் ஒரு சாட்டின் இலையை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"அடுத்த தடவ என்கிட்ட கேட்டுட்டுத் தை. எந்த ஊர்லடா கொழுந்து இந்த நெறத்துல இருக்கு?"