ஒரு வகுத்தல் பாக்கி

பஸ் வந்து நிற்கிறது. மீட்டர்காரர் ஏறவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறார். "நாலாயிரத்து நூத்தி எம்பத்தேழு... அம்பத்துமூணால போகுது!" என்று அவர் நிமிர்வதற்குள் பஸ் தெருமுனை திரும்பிவிடுகிறது. "போனா போகட்டும், அடுத்ததுல போலாம்."

வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணைக் கண்டால் சும்மா இருக்கமாட்டார். டாக்டர் வீட்டு டோக்கனோ மூட்டை மேல் இருக்கும் முத்திரையோ, வகுத்து உடைத்துப் போட்டால்தான் தூக்கம். எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் சிக்கிவிட்டால் மட்டும் மனுஷருக்கு மரியாதை வந்துவிடும். "கல்லு மாதிரி நிக்குது பாருங்க!"

அப்படியொன்று அவர் வீட்டிலேயே இருந்தது. கல்யாணமான புதிதில் வந்த டெலிபோன், 562451. மனைவி எடுத்தால் ஹலோ எல்லாம் கிடையாது. "அம்பத்தாறு இருபத்துநாலு அம்பத்தொண்ணு பேசறேன்" என்பாள், ஏதோ பெரிய ஆபீஸை நடத்துகிறவள் போல. "எங்க நம்பர் உடையாது, நாங்களும் உடையமாட்டோம்" என்று அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொள்வாள். அவள் போன பிறகு அந்த போன் அடிப்பதே இல்லை.

மகளுக்கு அது வீண் தண்டம். "யாரும் பேசாத போன் எதுக்குப்பா? வெட்டிடலாம்."

"உடையாத நம்பரை வெட்டுவாளாம்! முதல்ல என் தலையை வெட்டு."

போன வாரம் அவளுக்கும் பொறுமை போய்விட்டது. செல்போனில் தட்டினாள். "எது உடையாது? எழுநூத்து நாப்பத்துமூணு, எழுநூத்து அம்பத்தேழு. பெருக்கிப் பாருங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கையாலேயே பெருக்கினார். சரியாகத்தான் வந்தது. பாவம், முகம் தொங்கிப்போய்விட்டது.

"போன் வந்த அன்னிக்கு நல்ல மழை. எழுநூத்தம்பது வரைக்கும் வகுத்துப் பாத்தா போதும், அதைத் தாண்ட வேண்டியதில்ல. ஒவ்வொண்ணா வகுத்து எழுநூத்து முப்பத்தொம்பது வரைக்கும் வந்துட்டேன். எழுநூத்து நாப்பத்துமூணு ஒண்ணுதான் பாக்கி. உங்கம்மா பேப்பர் மேல கையை வெச்சுட்டா. 'சாப்பாடு ஆறுது, எந்திரிங்க. அது உடைக்காது, நான் சொல்றேன்'னா."

அவள் சொன்ன பிறகு அந்த ஒரு வகுத்தலை அவர் போடவே இல்லை.

தாளில் அந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "இது ரெண்டும் கல்லும்மா. வேற யாராலயும் வகுக்க முடியாது. ரெண்டே பேருதான்."

"அதுல பெரிய நம்பர் யாருப்பா?"

"இதைக் கேக்கணுமா? உங்கம்மாதான்."

மறுநாள் காலை அவரே வந்து சொன்னார். "வெட்டச் சொல்லிடு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை நம்ம வீட்டுக்குக் கூப்பிடு."

மகள் அடுத்த அறைக்குப் போய் அழைத்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கூடத்தில் மணி அடித்தது. கொஞ்ச நேரம் அடிக்க விட்டார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

"எழுநூத்து நாப்பத்துமூணு பேசறேன்."